பொன் விளைந்த ஊரும் அதன் பொருட்காட்சிச்சாலையும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதியில் உள்ள ஜார்ஜியா மாநிலத்தின் தலைநகர் அட்லாண்டா. அந்நகரில் மாநில ஆட்சி மன்றம் கூடும் பெருமாளிகையின் குவிமாடம் பொன்னால் வேயப்பட்டது. விமானத்துக்குப் பொன் வேய்தலைத் திருப்பணிகளுள் தலையாயதாகக் கருதும் நம்மவர்க்கு, அரசியல் மன்றம் ஒன்றின் முடிக்கு மக்கள் பொன் அளித்தனர் என்பது புதுமையாகத் தோன்றலாம். 1958-ஆம் ஆண்டில் வடக்கு மலைப்பகுதியைச் சேர்ந்த ஒரு சிற்றூரின் மக்கள், தம் மண்ணில் விளைந்த 43 அவுன்சு பொன்னைத் திரட்டினர். நம் கணக்கில் அது ஏறத்தாழ 167 பவுன். மோட்டார் வண்டிகள் மலிந்துவிட்ட அக்காலத்திலும் பழைய முறையை விடாது, கோவேறு கழுதைகள் பூட்டிய கூண்டு வண்டிகளில் ஊர்வலமாகவே அதனைத் தலைநகருக்குக் கொண்டு சென்றனர். அப்பொன் மெல்லிய இதழாக அடிக்கப்பட்டுக் குவிமாடத்தில் ஏறியது.

அவ்வூரின் பெயர் டலானிகா. அட்லாண்டாவுக்கு வடக்கே ஏறத்தாழ 65 மைல் தொலைவில், அப்பலாச்சி மலைத்தொடரின் அடிவாரத்தில் அமைந்தது. ஊர் நடுவே சதுக்கம். சதுக்கத்தின் நடுவே தூண்கள் தாங்கும் முகப்போடு கூடிய இரண்டு நிலைச் செங்கற் கட்டடம். அதுவே இக்கட்டுரை கூற வந்த பொருட்காட்சிச்சாலை.

திருக்குட நீராட்டு மலரில் கடல் கடந்த நாட்டுப் பொருட்காட்சிச்சாலைக்கு என்ன இடம் என்று வினவும் அன்பர் இருக்கக்கூடும். தஞ்சைப் பெருவுடையார் கோயிலின் தூபிக்குச் செப்புக்குடம் அளித்த இராசராச சோழன், செம்பின் நிறை இவ்வளவு, மேல் வேய்ந்த பொன்னின் நிறை இவ்வளவு என்று கல்லிலே வெட்டி வைத்தான். சேரரையும் பாண்டியரையும் வென்று கைக்கொண்ட பண்டாரத்திலிருந்து செய்தவை இவை என்று தான் அளித்த அணிகலன்களைக் குறித்தும் மறையாது எழுதினான். பொன்னைக் காணும்போது அதன் நிறையை மட்டுமன்றி அது வந்த வழியையும் கேட்டறிதல் நம் முன்னோர் கைக்கொண்ட வழக்கமே. அவ்வழக்கத்தின்படி டலானிகாவின் பொன்னையும் கேட்டுப் பார்ப்போம்.

பொருட்காட்சிச்சாலையுள் புகுவோர் முதலில் நாடுவது பொன்னையே. ஐந்து அவுன்சுக்கு மேற்பட்ட நிறையுள்ள, இயற்கையாகக் கிடைத்த பொற்கட்டி ஒன்று அங்கு உள்ளது. நம் பத்தொன்பது பவுனுக்கும் கூடுதலான பொன், உலை காணாமல், மண்ணிலிருந்து எடுத்த வடிவிலேயே கிடக்கிறது. அதனையடுத்து, அவ்வூரிலேயே அச்சிடப்பட்ட பொற்காசுகளின் முழு வரிசை. பின்னர், மலைச்சரிவுகளை நீரின் விசையாலே அறுத்துக் கரைத்த இரும்புக் குழல். பீரங்கி போன்ற தோற்றமுடையது. சுரங்கத் தொழிலில் வழிவழியாக ஈடுபட்ட குடும்பத்தார் தம் நினைவுகளைக் கூறும் படம் ஒன்றும் காட்டப்படுகிறது. மேல் தளத்தில் பழைய நீதிமன்றக் கூடம்; 1889-ஆம் ஆண்டைச் சேர்ந்த மர இருக்கைகளும் நீதிபதியின் அறையும் காணலாம்.

இவை யாவினும் சிறந்த காட்சிப்பொருள் அக்கட்டடமே என்பது எம் கருத்து. அது 1836-இல் லம்ப்கின் மாவட்டத்தின் நீதிமன்றமாகக் கட்டப்பட்டது. ஜார்ஜியாவில் எஞ்சி நிற்கும் மிகப் பழமையான மாவட்ட நீதிமன்றக் கட்டடங்களுள் இதுவும் ஒன்று. 1965 வரை அங்கு வழக்குகள் நடந்தன, 1967-இல் பொருட்காட்சிச்சாலையாயிற்று. உள்ளூர் மண்ணால் அறுத்த செங்கற்களில் பொன் துகள் கலந்திருக்கிறது. சுவரை உற்று நோக்கினால் மினுக்கம் தெரியும் என்று கூறுவர். குழந்தைகள் சுவரண்டை சென்று கண்ணை வைத்து நிற்பதற்கு அதுவே காரணம். பொன்னையே கலந்து கட்டிய அந்த நீதிமன்றத்தில், அம்மண்ணுக்கு உரியோர் வாய் திறந்து சான்று கூற இயலாத சட்டம் ஒன்று இருந்தது. அவ்வரலாறு வருமாறு.

டலானிகா என்ற சொல் ஆங்கிலம் அன்று. மஞ்சள் நிறத்தைக் குறிக்கும் செரோக்கி மொழிச் சொல்லின் திரிபு அது. அப்பகுதி முழுதும் செரோக்கி என்னும் பழங்குடி மக்களின் நாடாக இருந்தது. வேட்டையாடித் திரிந்த கூட்டத்தார் என்று அவர்களை எண்ணுதல் பிழை. உழவும் ஊரும் உடையவர்கள். அவர்களுள் தோன்றிய செக்கோயா என்பார், ஆங்கிலம் படிக்கவும் எழுதவும் அறியாதவராயிருந்தும், தம் மொழியின் ஒலிகளைத் தாமே ஆராய்ந்து 1821-இல் எண்பதுக்கும் மேற்பட்ட அசையெழுத்துகளை வகுத்து முடித்தார். உலக வரலாற்றில் இத்தகைய செயல் மிக அரிது. சில ஆண்டுகளுக்குள் அம்மக்கள் திரளாக எழுதப் படிக்கக் கற்றனர். 1825-இல் நியூ எச்சோட்டா என்னும் தலைநகரை அமைத்தனர். 1827-இல் எழுதப்பட்ட அரசியலமைப்பை மேற்கொண்டனர். 1828 பிப்ரவரி 21-ஆம் நாள் செரோக்கி மொழியிலும் ஆங்கிலத்திலும் தம் முதற் செய்தித்தாளை வெளியிட்டனர். அதன் ஆசிரியர் எலயாஸ் பூடினாட் என்னும் செரோக்கி அறிஞர்.

அந்நாட்டின் மண்ணில் பொன் இருப்பது வெளிப்பட்டது இதன் பின்னரே. மான் வேட்டைக்குச் சென்ற பெஞ்சமின் பார்க்ஸ் என்னும் இளைஞர் 1828-இல் காலில் இடறிய கல்லில் பொன்னைக் கண்டார் என்பது ஊர்க்கதை. தொண்ணூறு வயது கடந்த பின் 1894-இல் அவரே ஒரு செய்தித்தாளுக்கு அதனைக் கூறினார். முதலிற் கண்டவர் நாங்களே என்று உரிமை கொண்டாடியோர் வேறு சிலரும் உண்டு. எழுத்தில் கிடைக்கும் சான்று, 1829 ஆகஸ்டு 1-ஆம் நாள் மில்லெட்ஜ்வில் நகரச் செய்தித்தாளில் வந்த குறிப்பாகும். அவ்வாண்டு முடிவதற்குள் ஆயிரக்கணக்கானோர் மண்வெட்டியும் தட்டும் ஏந்தி அப்பகுதியில் புகுந்தனர். கலிபோர்னியாவின் புகழ்பெற்ற பொன் வேட்டைக்கு இருபது ஆண்டுகள் முற்பட்டது இது.

ஜார்ஜியா அரசு வாளாவிருக்கவில்லை. செரோக்கி நாட்டின் மேல் தன் சட்டமே செல்லும் என்று 1828-இலேயே தொடங்கி அடுத்தடுத்துச் சட்டங்கள் இயற்றிற்று. பழங்குடியினர் தம் மண்ணிலேயே பொன் எடுத்தல் ஆகாது என்றது ஒரு சட்டம். வெள்ளையர் ஒரு தரப்பாராய் உள்ள வழக்கில் பழங்குடியினரின் சாட்சியம் செல்லாது என்றது 1829 டிசம்பரில் இயற்றிய சட்டம். ஒருவன் வந்து நிலத்தைப் பறித்தாலும், மாட்டை ஓட்டிச் சென்றாலும், பறிகொடுத்தவன் மன்றம் ஏறி அதைச் சொல்ல வழியில்லை. 1830-இல் பழங்குடிகளை மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே அகற்றுவதற்கான சட்டத்தை ஐக்கிய நாடுகளின் பேரவையும் நிறைவேற்றியது. 1832-இல், மக்கள் வாழ்ந்துகொண்டிருந்த அந்நாட்டை அளந்து கூறு போட்டு, ஜார்ஜியாவின் வெள்ளைக் குடிகளுக்குக் குலுக்கல் சீட்டு மூலம் பங்கிட்டனர். பொன் விளையும் பகுதிகளில் ஒரு கூறு 40 ஏக்கர். ஏனையவை 160 ஏக்கர். நம் நாட்டிலும் மன்னர் பலர் மண்ணைக் கவர்ந்துள்ளனர். ஆனால் குடியிருப்பவன் வீட்டுக்குள் இருக்க, அவ்வீட்டுக்குச் சீட்டு எடுத்த வரலாறு வேறு எங்கும் எளிதிற் காணக்கூடியதன்று. லம்ப்கின் மாவட்டம் பிறந்ததும் அந்த 1832-ஆம் ஆண்டிலேதான். மறு ஆண்டில் டலானிகா ஊராயிற்று.

இங்கே தமிழர்க்கு அணுக்கமான ஒரு செய்தியைக் கூறாது செல்ல மனம் வரவில்லை. நியூ எச்சோட்டாவில் தங்கிச் செரோக்கி எழுத்துகளை அச்சேற்றத் துணை நின்றவர் சாமுவேல் வூஸ்டர் என்னும் பாதிரியார். பாஸ்டன் நகரிலிருந்த அமெரிக்க மிஷன் சங்கத்தார் அவரை அனுப்பினர். எழுத்துகளும் பாஸ்டனிலேயே வார்க்கப்பெற்றன. அதே சங்கத்தார்தாம் 1816-இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து, 1823-இல் வட்டுக்கோட்டையில் புகழ்மிக்க கல்விக்கழகத்தை நிறுவினர். 1834-இல் மதுரையிலும் கால் ஊன்றினர். பழந்தமிழ் நூல்களை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொணர்ந்த சி. வை. தாமோதரம் பிள்ளை பயின்றது அவ்வட்டுக்கோட்டையிலேதான். 1862-இல் சென்னையில் வெளிவந்த வின்சுலோவின் தமிழ் அகராதியும் அச்சங்கத்தார் உழைப்பே. அவர்தம் சமயப் பரப்பலை நம் பெரியோர் எதிர்த்து நின்றது வேறு வரலாறு. அதனை எவரும் மறுப்பதற்கில்லை. அச்சுத்தொழிலால் விளைந்த பயனையும் மறுத்தல் கூடாது. ஒரே சங்கம், ஒரே காலத்தில், உலகின் இரு கோடிகளில் இரு மொழிகளுக்கு எழுத்து வார்த்தது. ஒரு மொழியின் மக்கள் தம் மண்ணிலேயே இருந்தனர். மற்றவர்க்கு அது வாய்க்கவில்லை.

வூஸ்டர், ஜார்ஜியா அரசின் அனுமதியின்றிச் செரோக்கி நாட்டில் வசித்த குற்றத்துக்காக 1831-இல் சிறைப்படுத்தப்பட்டார். நான்கு ஆண்டுக் கடுங்காவல். அவருடன் தண்டனை பெற்ற பிறர் மன்னிப்பு ஏற்று வெளியேறினர்; அவரும் எலைசர் பட்லர் என்பாரும் ஏற்க மறுத்துச் சிறையிலிருந்தே வழக்காடினர். ஐக்கிய நாடுகளின் தலைமை நீதிமன்றத்தில் 1832 மார்ச்சு 3-ஆம் நாள் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் தீர்ப்புக் கூறினார். செரோக்கி நாடு தனித்ததோர் சமுதாயம், அங்கு ஜார்ஜியாவின் சட்டங்கள் செல்லா என்பது தீர்ப்பின் சாரம். அறம் வென்றது என்று செரோக்கி மக்கள் மகிழ்ந்தனர். ஆனால் ஜார்ஜியா அத்தீர்ப்பை மதிக்கவில்லை. குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜாக்சனும் அதனை நிறைவேற்ற முற்படவில்லை. சீட்டுக் குலுக்கல் நிற்கவுமில்லை. 1835 டிசம்பர் 29-ஆம் நாள் செரோக்கியருள் ஒரு சிறு பிரிவினர், தலைவர் ஜான் ராஸின் இசைவின்றி, நாட்டை விட்டுக் கொடுக்கும் உடன்படிக்கையில் ஒப்பமிட்டனர். 15,000-க்கு மேற்பட்டோர் கையொப்பமிட்ட எதிர்ப்பு விண்ணப்பமும் பயன் தரவில்லை. 1836-இல் மேலவை, ஒரே ஒரு வாக்கு மிகுதியால் அவ்வுடன்படிக்கையை உறுதி செய்தது. டலானிகாவின் நீதிமன்றம் எழுந்த ஆண்டும் அதுவே.

இனித் தங்கசாலைக்கு வருவோம். சென்னையில் தங்கசாலைத் தெருவை அறியாதவர் இல்லை; காசு அடித்த சாலை இருந்தமையால் பெற்ற பெயர் அது. டலானிகாவின் சாலைக்கு அப்பெயர் இன்னும் பொருந்தும். ஏனெனில் பொற்காசு அன்றி வேறு காசு அங்கு அடிக்கப்பட்டதே இல்லை. மலையில் எடுத்த பொன்னைப் பிலடெல்பியா வரை கொண்டு சென்று காசாக்குதல் அருமையாயிருந்தமையால், 1835-இல் ஐக்கிய நாடுகளின் பேரவை டலானிகாவில் கிளைச்சாலை அமைக்கச் சட்டம் செய்தது. 1838 ஏப்ரலில் முதற்காசுகள் வெளிவந்தன. ஐந்து டாலர், இரண்டரை டாலர், பின்னர் ஒரு டாலர் என்று 1861 வரை அடித்தனர். மூன்று டாலர்க் காசு 1854-இல் மட்டும், 1,120 எண்ணிக்கையில் வெளிவந்தது. இன்று நாணயம் சேர்ப்போர் அதன்மேல் உயிரையே வைத்திருக்கின்றனர். ஒவ்வொன்றிலும் 'டி' என்னும் சிற்றெழுத்து டலானிகாவைக் குறிக்கும். 1906 முதல் அவ்வெழுத்தை டென்வர் நகரத்துச் சாலை ஏற்றுக்கொண்டது. அங்கு அடித்த காசுகளின் மொத்த மதிப்பு 60 இலட்சம் டாலருக்கு மேல்.

பொருட்காட்சிச்சாலையில் அவ்வரிசையின் முன் நிற்பவர், 1838 என்று பொறித்த காசைச் சற்று நேரம் நின்று பார்த்தல் வேண்டும். ஏப்ரலில் அது உலைக்களத்திலிருந்து வந்தது. அடுத்த மே மாதத்திலேயே தளபதி வின்பீல்டு ஸ்காட்டின் படைவீரர்கள் ஜார்ஜியாவின் செரோக்கிக் குடியிருப்புகளைச் சூழ்ந்தனர். உண்டுகொண்டிருந்தவரும் உழுதுகொண்டிருந்தவரும் இருந்தபடியே அழைத்துச் செல்லப்பட்டு, மரவேலிப் பட்டிகளில் அடைக்கப்பட்டனர். கோடையில் கொள்ளைநோய் பரவிற்று. பின்னர் இலையுதிர் காலத்திலும் கடுங்குளிரிலும் ஆயிரம் மைல் அளவு மேற்கே, இன்றைய ஒக்லகோமா வரை நடந்தும் வண்டிகளிலும் படகுகளிலும் சென்றனர். ஏறத்தாழ 16,000 பேர் அகற்றப்பட்டனர். பட்டியிலும் வழியிலும் இறந்தோர் 4,000 அளவினர் என்று மதிப்பிடுவர். தலைவர் ராஸின் மனைவியாரும் வழியில் உயிர் நீத்தார். கண்ணீர்ப் பாதை என்று அதற்குப் பெயர் வழங்குகிறது.

பொன் எடுத்த கைகள் யாருடையவை என்பதும் கேட்கத்தக்கதே. துணைக் குடியரசுத் தலைவராயிருந்த ஜான் கால்ஹூன் என்பார்க்கு டலானிகாவுக்கு அருகில் சுரங்கம் இருந்தது. அங்கு வேலை செய்தோர் அவருடைய அடிமைகள். ஆற்றுக் குளிரில் இடுப்பளவு நின்று மணலைச் சலித்த ஆப்பிரிக்க மரபினர் பலருடைய பெயர்கள் எந்தக் காசிலும் இல்லை. ஒருவர் பெயர் மட்டும் நிலைத்தது. ஜேம்ஸ் பாய்ஸ்கிளேர் என்னும் அவர், அடிமைத்தளை நீங்கிய கறுப்பர், டலானிகாவில் உணவுக்கடை நடத்தினார், பொன்னும் கண்டார். ஆயினும் அவர் தம் பெயரில் நிலம் கொள்ளச் சட்டம் இடந்தரவில்லை. வெள்ளையர் ஒருவரைக் காப்பாளராகக் கொண்டே யாவும் செய்ய வேண்டியிருந்தது. கலிபோர்னியாவில் பொன் கிடைத்த செய்தி பரவியபோது அவரும் அங்குச் சென்றார், அங்கேயே மாண்டார்.

அச்செய்தியால் 1849-இல் ஊரே காலியாகத் தொடங்கிற்று. தங்கசாலையில் பொன்னின் மாற்றுக் காணும் பணியிலிருந்த மாத்யூ ஸ்டீவன்சன், நீதிமன்றத்தின் முன் மக்களைக் கூட்டி, அருகிலுள்ள மலை முகட்டைச் சுட்டிக் காட்டி, இங்கேயே கோடிக்கணக்கில் பொன் இருக்க எங்கே போகிறீர்கள் என்று தடுத்தார் என்பர். அவர் பேச்சைக் கேட்டு நின்றவர் சிலரே. டலானிகாவை அடுத்த ஒரேரியாவைச் சார்ந்த கிரீன் ரசல் என்பார், 1858-இல் தம் கூட்டத்தோடு கொலராடோவுக்குச் சென்று அங்கும் பொன் கண்டார். இன்றைய டென்வர் நகரம் அக்கூட்டத்தார் இட்ட குடியிருப்பிலிருந்தும் வளர்ந்தது. எஞ்சியோர், பல மைல் நீளக் கால்வாய் வெட்டி நீரைக் கொணர்ந்து, முன் கூறிய இரும்புக் குழலால் மலையையே கரைத்தனர். பாறையை இடித்துத் தூளாக்கிப் பாதரசத்தில் பொன்னைப் பற்றவைத்துப் பிரித்தனர். மரமும் மண்ணும் இழந்த சரிவுகள் நெடுங்காலம் வடுவாய் நின்றன. தங்கசாலை 1861-இல் உள்நாட்டுப் போரோடு மூடப்பட்டது. அக்கட்டடம் 1873-இல் தொடங்கிய கல்லூரிக்கு இடமாகி, 1878-இல் தீக்கிரையாயிற்று. அதன் அடித்தளத்தின் மேலேயே எழுப்பிய கல்லூரி மண்டபத்தின் கூர்முடிக்கு 1973-இல் உள்ளூர்ப் பொன் வேய்ந்தனர்.

டலானிகா செல்லும் அன்பர்கள், அதனோடு திரும்பிவிடாது, மேற்கே கால்ஹூன் நகரத்தை அடுத்துள்ள நியூ எச்சோட்டாவையும் கண்டு வருதல் நலம். செரோக்கியர் அகன்றபின் அத்தலைநகர் வயலாயிற்று. வூஸ்டர் குடியிருந்த இரண்டு மாடி மரவீடு மட்டும் நிலைத்து நின்றது. 1954-இல் அங்கு அகழ்ந்து பார்த்தபோது, அச்சுக்கூடம் இருந்த பகுதியில் செக்கோயாவின் எழுத்துகள் ஈயத்தில் வார்த்தபடியே நூற்றுக்கணக்கில் மண்ணிலிருந்து வெளிப்பட்டன. 1962-இல் அவ்விடம் வரலாற்றுச் சின்னமாகத் திறக்கப்பட்டது. செரோக்கியர்க்கு எதிரான பழைய சட்டங்களை ஜார்ஜியா அவ்வாண்டிலேதான் நீக்கியது. வூஸ்டரும் பட்லரும் அன்று ஏற்க மறுத்த மன்னிப்பு, கேட்பாரின்றியே, 1992-இல் அவர்கட்கு வழங்கப்பட்டது. வூஸ்டர் இறந்து அப்போது 133 ஆண்டுகள் ஆகியிருந்தன.